அட்டவணை தந்த அறிஞர்

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் கவிஞரையோ நாட்டுத் தலைவரையோ தேர்ந்துகொள்வதே நம் மன்ற மலரின் வழக்கம். நான் அவ்வழக்கத்தினின்று சற்று விலகி, கணிப்பொறித் துறையைச் சார்ந்த ஒருவரின் வாழ்க்கையை எழுத முன்வந்திருக்கிறேன். எட்கர் காட் என்னும் அவர் பெயரைக் கணிப்பொறி பயிலும் மாணவர்கள் தேர்வுக்கு முந்திய இரவிலேனும் ஒருமுறை படித்திருப்பார்கள். ஏனையோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போதும், தேர்வு முடிவைத் தேடும்போதும், அவர்களும் அவருடைய சிந்தனையின் பயனை நுகர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நான் அவரைத் தேடிச் சென்றதற்கு அவர் புகழ் காரணம் அன்று. என் பிழை ஒன்றே காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு நம் மன்றத்தின் செயலாளர் பொறுப்பு என்னிடம் இருந்தது. எக்செல்லில் மூன்று பட்டியல்கள் வைத்திருந்தேன். ஒன்று உறுப்பினர் பட்டியல். மற்றொன்று பொங்கல் விழா நன்கொடைப் பட்டியல். மூன்றாவது குருதிக் கொடையாளர் பட்டியல். மூன்றிலும் பெயர், விடுதி, அறை எண், தொலைபேசி எண் எல்லாம் எழுதியிருந்தேன். மும்முறை எழுதியதை உழைப்பு என்றே எண்ணிப் பெருமை கொண்டிருந்தேன்.

மார்கழி மாதத்து இரவு ஒன்றில் அப்பெருமை அழிந்தது. மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த தாய் ஒருவர்க்கு மருத்துவமனையில் அவசரமாக ஓ நெகட்டிவ் குருதி வேண்டியிருந்தது. நம் மன்றத்தில் அவ்வகை உடையவர் ஒருவரே. பட்டியலில் இருந்த எண்ணை அழைத்தேன். அந்த எண் வழக்கில் இல்லை. பனிமூட்டத்தில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு அவருடைய விடுதிக்குச் சென்றேன். அவர் ஆடி மாதமே வேறு விடுதிக்குப் போய்விட்டதாகக் காவலாளி சொன்னார். எந்த விடுதி என்று அவர்க்குத் தெரியவில்லை. ஒருவாறு நண்பரைக் கண்டுபிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழிந்திருந்தது. அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார். ஆனால் அறைக்குத் திரும்பிக் கணிப்பொறியைத் திறந்தபோது என் நெஞ்சு துணுக்குற்றது. நண்பரின் புதிய எண்ணும் புதிய விடுதியும் உறுப்பினர் பட்டியலில் சரியாகவே இருந்தன! அவர் சொன்ன அன்றே நான்தான் திருத்தியிருந்தேன். மற்ற இரு பட்டியல்களையும் திருத்த மறந்திருந்தேன்.

அடுத்த பருவத்தில் தரவுத்தள வகுப்பு தொடங்கியது. முதல் நாளே ஆசிரியர் கரும்பலகையில் மூன்று குறைகளை எழுதினார். முதற்குறை என் குறை. அதற்கு மருந்து கண்டவர் என்று காட் அவர்களின் பெயரையும், 1970 என்னும் ஆண்டையும் எழுதினார். அன்று மாலையே நூலகத்தில் அவருடைய கட்டுரையைத் தேடி எடுத்தேன். 11 பக்கங்களே கொண்ட கட்டுரை. அதன் கணிதம் முழுதும் எனக்கு அப்போது விளங்கவில்லை. அதை எழுதியவர் எத்தகையவர் என்று அறியும் ஆவல் மட்டும் மிகுந்தது.

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் டார்செட் மாவட்டத்தைச் சார்ந்த போர்ட்லண்டு தீவில், 1923ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் காட் பிறந்தார். இலண்டனில் உள்ள செயிண்ட் பால் பேராலயத்தைக் கட்டக் கல் கொடுத்த தீவு அது. தந்தையார் தோல் பதனிடும் தொழில் செய்தவர். தாயார் பள்ளி ஆசிரியை. குழந்தைகள் எழுவருள் கடைக்குட்டி இவர். உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் எக்ஸிட்டர் கல்லூரியில் வேதியியல் படிக்கச் சேர்ந்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மாணவர் என்பதால் போருக்குச் செல்வதைத் தள்ளிவைக்க அவர்க்கு உரிமை இருந்தது. அவ்வுரிமையை அவர் வேண்டவில்லை. 1942இல் தாமே முன்வந்து விமானப் படையில் சேர்ந்தார்; கடற்பரப்பைக் காவல் செய்யும் சண்டர்லண்டு என்னும் பெரிய கடல் விமானங்களை ஓட்டினார். போர் முடிந்தபின் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பி, வேதியியலை விட்டுக் கணிதம் பயின்று 1948இல் பட்டம் பெற்றார்.

விமானப் பயிற்சிக்காக அமெரிக்கா சென்றிருந்த காலத்தில் அந்நாடு அவர் மனத்தைக் கவர்ந்திருந்தது. பட்டம் பெற்றதும் அங்கே குடியேறினார். ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்றவர்க்கு நியூயார்க்கில் முதலில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? மேசீஸ் என்னும் பெருங்கடையில் ஆண்களின் உடை விற்கும் வேலை! அதைச் செய்தார். பின்பு டென்னசி பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் கணிதம் கற்பித்தார். 1949இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்து, அறை முழுதும் அடைத்துக்கொண்டு நின்ற அந்நாளையக் கணிப்பொறிக்கு நிரல் எழுதலானார்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மெக்கார்த்தி என்னும் செனட்டர், சான்றின்றிப் பலரைப் பொதுவுடைமையினர் எனக் குற்றம் சாட்டி வாழ்வைக் குலைத்துக்கொண்டிருந்தார். காட் அவர்களால் அதைப் பொறுக்க முடியவில்லை. 1953இல் வேலையையும் நாட்டையும் விட்டுவிட்டுக் கனடாவின் ஆட்டவா நகருக்குப் போய்விட்டார். தம்மேல் குற்றம் விழுந்ததால் அன்று. பிறர்மேல் விழுந்த பழியைக் கண்டு பொறாமல் சென்றார். பழைய மேலாளர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்ததன் பயனாக 1957இல் ஐ.பி.எம்.முக்கே திரும்பினார். ஸ்டிரெட்ச் என்னும் பெருங்கணிப்பொறியில், ஒரே பொறி பல நிரல்களை மாறி மாறி இயக்கும் முறையை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

38ஆம் வயதில் மீண்டும் மாணவரானார். நிறுவனத்தின் உதவித்தொகையுடன் 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1965இல் முனைவர் பட்டம் பெற்றார். தன்னைத் தானே படைத்துக்கொள்ளும் பொறி ஒன்றை வான் நாய்மன் என்னும் கணித மேதை கற்பனை செய்திருந்தார். அதன் ஒவ்வொரு கட்டத்திற்கும் 29 நிலைகள் வேண்டும் என்று அவர் வகுத்திருந்தார். எட்டே போதும் என்று காட் நிறுவிக் காட்டினார். தேவையற்றதை நீக்குவதில் அவர்க்கு இருந்த திறமை அப்போதே வெளிப்பட்டது. அத்திறமையோடுதான் 1968இல் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்திற்கு வந்து, தரவுகளின்பால் கருத்தைச் செலுத்தினார்.

அக்காலத்தில் தரவுகளை எப்படிச் சேமித்தார்கள் என்று சிறிது சொல்ல வேண்டும். மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பும் அப்பல்லோத் திட்டத்தில் ஏவுகணையின் எண்ணற்ற உறுப்புகளுக்குப் பட்டியல் வேண்டியிருந்தது. அதற்காக ஐ.பி.எம். வேறு நிறுவனங்களோடு சேர்ந்து ஐ.எம்.எஸ். என்னும் அமைப்பை உருவாக்கியது. அதில் தரவுகள் மரம்போல் அடுக்கப்பட்டிருக்கும். பெரிய உறுப்பு அடிமரம், அதன் பகுதிகள் கிளை, திருகாணி இலை. ஓர் உறுப்பில் என்னென்ன பகுதிகள் உண்டு என்று கேட்டால் விடை எளிதில் வரும். இந்தத் திருகாணி எந்தெந்த உறுப்புகளில் பயன்படுகிறது என்று திருப்பிக் கேட்டாலோ, கிளைகிளையாக ஏறி இறங்க வேண்டும். சார்லஸ் பாக்மன் என்பார் மரத்திற்குப் பதிலாக வலைபோன்ற அமைப்பை வகுத்திருந்தார்; அதிலும் நிரல் எழுதுவோன் ஒரு சுட்டியைப் பற்றி மறு சுட்டிக்கு, மாலுமிபோல் வழி தேடிச் செல்ல வேண்டியதுதான். அடுக்கும் முறையைச் சற்றே மாற்றினாலும் பழைய வழிகள் அடைபட்டுவிடும். எழுதிய நிரல்களை எல்லாம் திருத்த வேண்டும்.

நூலகத்தில் நூல் வேண்டுவோர்க்கு நூலின் பெயர் தெரிந்தால் போதாதா? எந்த அறை, எத்தனையாவது தட்டு, இடப்பக்கமிருந்து எத்தனையாவது என்றெல்லாம் அவர்களே சொல்ல வேண்டும் என்பது முறையா? தட்டுகளை மாற்றியமைத்தால் வாசகர் எல்லாரும் வழி தெரியாமல் திகைக்க வேண்டுமா? காட் எழுப்பிய வினா ஏறக்குறைய இதுதான். தரவு எங்கே எப்படிக் கிடக்கிறது என்பது பொறியின் கவலை. என்ன வேண்டும் என்பதே கேட்பவனின் வேலை. இவ்விரண்டையும் பிரிக்க வேண்டும் என்றார் அவர். கணிதத்தில் தாம் கற்ற கணக்கோட்பாட்டைத் துணைகொண்டு, எல்லாத் தரவுகளையும் அட்டவணைகளாகவே அமைக்கலாம் என்று காட்டினார். இதையே உறவுமுறைத் தரவுத்தளம் என்கிறோம். 1969இல் நிறுவனத்திற்குள் ஓர் அறிக்கையாகவும், 1970 ஜூனில் நான் முன்பு சொன்ன கட்டுரையாகவும் அது வெளிவந்தது.

அட்டவணை என்பது சிறு பிள்ளையும் அறிந்ததாயிற்றே, இதில் என்ன புதுமை என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அட்டவணைதான் வைத்திருந்தேன்; அதுவே என்னைக் கைவிட்டது. ஆகவே நம் மன்றத்தின் பட்டியலையே எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் கருத்தை விளக்குகிறேன்.

ஒரே செய்தியைப் பல இடங்களில் எழுதினால் மூன்று கேடுகள் விளையும். ஓரிடத்தில் மாற்றி மற்றோரிடத்தில் மாற்றாமல் விடுவது முதலாவது. என் கதையே அதற்குச் சான்று. நன்கொடைப் பட்டியல் ஒன்றையே நம்பியிருந்தால், இன்னும் நன்கொடை தராத புதிய உறுப்பினரை எழுத இடமே இராது, இஃது இரண்டாவது. விழா முடிந்தது என்று அப்பட்டியலை அழித்துவிட்டால், அதில் மட்டுமே பெயர் இருந்தவர் மன்றத்தினின்றே மறைந்துபோவார், இது மூன்றாவது.

இவற்றைத் தவிர்க்க முதலில் ஒவ்வொருவரையும் ஐயமின்றிச் சுட்டும் அடையாளம் வேண்டும். பெயர் அதற்கு உதவாது. நம்மவர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இடுகிறோம்; இங்குள்ள அலுவலகப் படிவங்களோ குடும்பப் பெயரைக் கேட்கின்றன. அதனால் ஒருவரே மூன்று சான்றிதழ்களில் மூன்று பெயருடையவர் ஆகிவிடுகிறார். முதலெழுத்தும் பெயரும் ஒன்றாகவே அமைந்த இருவரும் நம் மன்றத்தில் உண்டு. ஆதலின் உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அதுவே முதன்மைத் திறவுகோல். வகுப்பில் பிரைமரி கீ என்பார்கள். நன்கொடை அட்டவணையில் பெயரும் விடுதியும் தொலைபேசியும் வேண்டா. உறுப்பினர் எண்ணை மட்டும் எழுதினால் போதும். அங்கே அவ்வெண் அயல் திறவுகோல் ஆகிறது. அந்த எண்ணைக் கொண்டு இரண்டு அட்டவணைகளையும் வேண்டும்போது இணைத்துப் பார்க்கலாம்.

குருதிக் கொடையாளர் பட்டியல் என்று ஒன்று தனியே இருக்க வேண்டியதே இல்லை என்று உணர்ந்தபோது எனக்கு வியப்பும் வெட்கமும் ஒருங்கே தோன்றின. குருதி வகை என்பது உறுப்பினரைப் பற்றிய ஒரு செய்தி; உறுப்பினர் அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி போதும். இன்ன வகை உடையார் யார் என்று கேட்டால் பட்டியல் அப்போதே பிறக்கும். உண்மையை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, பட்டியல்களைக் கேள்வியால் பெற்றுக்கொள்வதுதான் முறை.

அட்டவணையைப் பிழையற வகுக்கும் படிகளையும் காட் 1970 முதல் ஒவ்வொன்றாக வரையறுத்தார். இதற்கு இயல்பாக்கம் என்று பெயர். ஒரு கட்டத்தில் ஒரு செய்தியே இருக்க வேண்டும் என்பது முதற்படி. நானோ ஒரே கட்டத்தில் இரண்டு தொலைபேசி எண்களைக் காற்புள்ளி இட்டு எழுதியிருந்தேன். இரண்டு செய்திகள் சேர்ந்து திறவுகோலாக அமையும்போது மற்றவை அம்முழுமையைச் சார்ந்திருக்க வேண்டும், பாதியைச் சார்ந்திருக்கக்கூடாது என்பது இரண்டாம் படி. யார், எந்த விழாவுக்கு என்னும் இரண்டும் சேர்ந்தே ஒரு நன்கொடையைக் குறிக்கின்றன. ஆனால் விழாவின் நாள் விழாவை மட்டுமே சார்ந்தது. ஆகவே விழாக்களுக்குத் தனி அட்டவணை வேண்டும். திறவுகோல் அல்லாத மற்றொன்றைச் சார்ந்து ஒரு செய்தி நிற்கக்கூடாது என்பது மூன்றாம் படி. விடுதி அலுவலகத்தின் தொலைபேசி எண் விடுதிக்கு உரியதேயன்றி, அங்கே தங்கும் மாணவர்க்கு உரியதன்று. ஆதலின் விடுதிகளுக்கும் தனி அட்டவணை வேண்டும். கேட்டால் எவ்வளவு எளிதாகத் தோன்றுகிறது! ஆயினும் யாரோ ஒருவர் முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னவரை உலகம் உடனே போற்றியதா? இல்லை. அவர் பணிபுரிந்த நிறுவனமே தயங்கியது. ஐ.எம்.எஸ். நல்ல வருவாய் ஈட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் போட்டியைத் தம் வீட்டிலேயே வளர்க்க யார் விரும்புவர்? அறிஞரிடையேயும் ஐயம் இருந்தது. வழியைப் பொறியே தேட வேண்டும் என்றால் விடை மிகத் தாமதமாக வரும் என்று பலர் கருதினர். 1974இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் காட் அணியினர்க்கும் பாக்மன் அணியினர்க்கும் நேருக்கு நேர் சொற்போர் நடந்தது. முந்திய ஆண்டுதான் பாக்மன் அவர்கள் கணிப்பொறித் துறையின் பெரும்பரிசான டூரிங் விருதைப் பெற்றிருந்தார் என்பதை நினைத்தால், எதிர்ப்பின் வலிமை விளங்கும்.

வாதத்தால் முடியாததைச் செயல் முடித்தது. சான் ஓசேயில் சிஸ்டம் ஆர் என்னும் சோதனை அமைப்பை ஒரு குழு உருவாக்கத் தொடங்கியது. சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கு ஒரு மொழியை 1974இல் வகுத்தனர். அதுவே இன்று நாம் கற்கும் எஸ்.க்யூ.எல். கேள்விக்கு விடை தேடும் வழிகளுள் செலவு குறைந்ததைப் பொறியே தேர்ந்துகொள்ளும் முறையை, பட்ரீசியா செலிங்கர் என்னும் அம்மையார் முன்னின்று 1979இல் விளக்கினார். தாமதம் என்ற வாதம் அதனோடு வலுவிழந்தது. பெர்க்கிலியில் ஸ்டோன்பிரேக்கர், வாங் என்னும் இருவர் காட் கட்டுரையைப் படித்து இங்கிரஸ் என்னும் அமைப்பை உருவாக்கினர். இவற்றைக் கண்டு, பின்னர் ஆரக்கிள் என்று பெயர் பெற்ற சிறு நிறுவனம் 1979இல் தன் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கருத்துப் பிறந்த வீடாகிய ஐ.பி.எம். 1981இல்தான் தன் முதற்பொருளை விற்கத் தொடங்கியது. அதே 1981இல் காட் அவர்களுக்கு டூரிங் விருது வழங்கப்பட்டது.

வெற்றிக்குப் பின்பும் அவர் அமைதி கொள்ளவில்லை. பழைய அமைப்புகளுக்கு உறவுமுறை என்று புதுப்பெயர் சூட்டி விற்போர் பெருகினர். 1985இல் அவர் 12 விதிகளை வெளியிட்டு, இவற்றுக்கு உட்படாதது உறவுமுறைத் தரவுத்தளம் ஆகாது என்றார். அவற்றுள் ஒன்று என்னை மிகவும் தொட்டது. தெரியாத செய்தியைத் தெரியாதது என்றே குறிக்க வேண்டும். சுழியும் வெற்றிடமும் அதற்கு ஈடாகா என்பது அவ்விதி. குருதி வகை தெரியாதவர்களுக்கு நான் பட்டியலில் சுழி இட்டிருந்தேன். அவசர வேளையில் பார்ப்பவர் அவ்வட்டத்தை ஓ வகை என்று படித்திருந்தால்? மருத்துவமனையில் சோதித்துத்தான் ஏற்றுவார்கள் என்றாலும், பயனற்ற ஒருவரை நள்ளிரவில் அழைத்துச் சென்றிருப்போம் அல்லவா? எஸ்.க்யூ.எல். மொழியிலும் அவர் குறை கண்டார். ஒரே வரி இருமுறை வருவதை அது அனுமதித்தது அவர்க்கு உடன்பாடாக இல்லை. தம் கருத்தால் பிறந்தது என்பதற்காக அதன் குறையை மறைக்க அவர் விரும்பவில்லை.

2003ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், 79ஆம் வயதில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் அவர் காலமானார். அவர்க்குப் பின் வேறுவகைத் தரவுத்தளங்கள் பல தோன்றியிருக்கின்றன. சில பணிகளுக்கு அவை ஏற்றவையும்கூட. ஆனால் மாணவன் முதலில் கற்பது இன்றும் அவருடைய அட்டவணையைத்தான்.

அவர் வரலாற்றைப் படித்து முடித்தபோது என் மனத்தில் நின்றது அவருடைய அறிவைவிட அவருடைய நேர்மை. போர்க்காலத்தில் தமக்கிருந்த சலுகையை நீக்கிவிட்டுப் பார்த்தார். அச்சம் ஆண்ட நாட்டில் தம் பதவியை நீக்கிவிட்டுப் பார்த்தார். தம் நிறுவனத்தில் அதன் வருவாயை நீக்கிவிட்டுப் பார்த்தார். எஞ்சி நின்ற உண்மையைச் சொன்னார். நாம் பட்டியல் எழுதுவதை எழுத்தர் வேலை என்று இழிவாக எண்ணுகிறோம். அப்பட்டியலின் ஒரு வரிக்காக ஒரு மகன் மருத்துவமனை வாயிலில் காத்திருக்க நேரலாம் என்பதை நான் அந்த இரவில் கற்றேன்.

நம் மன்றத்தின் பதிவுகளை இப்போது நான்கு அட்டவணைகளாக மாற்றிப் புதிய செயலாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன். உறுப்பினர், விடுதி, விழா, நன்கொடை என்பன அவை. ஒவ்வொரு மாதமும் படி எடுத்து வேறோர் இடத்தில் வைக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறோம். இம்மலரைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுதி மாறினாலும் எண் மாறினாலும் அன்றே செயலாளரிடம் சொல்லிவிடுங்கள். இனி அவர் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.